ஆசியாவைக் கதைத்துக் காட்டிய அருளம்பலத்தார்

செய்தி வந்தபோது நான் ஒரு தலைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஆசியா எழுகிறது" என்று எழுதி வெட்டினேன். "விழித்தெழும் ஆசியா" என்று எழுதி அதையும் வெட்டினேன். இந்த ஆசியா எத்தனை தடவைதான் எழும்பும்? நான் எங்கள் கொழும்பு மாலைத் தாளில் சேர்ந்த நாளிலிருந்து அது எழும்பிக்கொண்டேதான் இருக்கிறது. தலைப்பு எழுதுகிற எனக்குத்தான் இடுப்பு ஒடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கந்தோர்த் தொலைபேசி அடித்தது. வெள்ளவத்தைச் சந்தி மருந்துக்கடையிலிருந்து அருளம்பலத்தாரின் மகள் பரமேஸ்வரி கதைத்தாள்.

"மாமா, அப்பு எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். அழவில்லை. "காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலை சாய்ஞ்சவர். அவ்வளவுதான். நீங்கள் ஒருக்கா வாங்கோ, அம்மா உங்களைத்தான் கேக்கிறா."

தலைப்பை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டேன். அன்று எங்கள் தாள் எந்தத் தலைப்போடு வெளிவந்தது என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மனமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மனைவி தங்கம்மா அக்கா கேட்டார். புகழ்ந்து எழுத எனக்கு வராது. அதற்கு வெள்ளவத்தையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "நாவலர் பரம்பரை", "நடமாடும் கலைக்களஞ்சியம்" என்றெல்லாம் அவர்கள் எழுதித் தருவார்கள். நான் அவரோடு ஒரே அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் குந்தியிருந்து வேலை செய்தவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களில் சிலருக்கு இதில் சில வரிகள் பிடிக்காமல் போகலாம்; பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் வயதாகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சுக்கூடம் இருந்த ஒடுங்கிய தெரு, அந்த ஒழுங்கை, உங்களுக்குத் தெரியும். அங்கே வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அவருடையது. காலையில் ஆங்கிலத் தந்திகள் கட்டாக வந்து விழும். மற்றப் பத்திரிகைக்காரர்கள் அகராதியைப் புரட்டுவார்கள். அருளம்பலத்தார் தந்தியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அறையில் இருக்கிற எல்லோருக்கும் அதை ஊர்க்கதையாகக் கதைத்துக் காட்டுவார். கதைத்து முடித்த பிறகுதான் பேனையை எடுப்பார். "கதைக்க வராத விஷயம் எழுத வராது காணும்" என்பார். எங்களையெல்லாம் "காணும்" என்றுதான் கூப்பிடுவார். அதுதான் அவருடைய தொழில்முறை. அச்சுக் கோப்பவர்கள்கூட அந்த நேரத்துக்குக் கையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு, இந்தோசீனாவுக்குள் யப்பான் படை நுழைந்த செய்தி வந்த காலையை நான் மறக்கவில்லை. கண்ணாடி மேசைக்கு வந்தது.

"இஞ்சை கேளுங்கோ. பிரெஞ்சுக்காரன்ரை வீட்டிலை சாவீடு. ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை. இந்த நேரம் பாத்து யப்பான்காரன் பின்வளவுக்குள்ளை வந்து நிக்கிறான். ஏன் தம்பி வந்தனீ எண்டு கேட்டால், 'சும்மா நிழலுக்கு நிக்கிறன்' எண்டு சொல்லுறான். நிழலுக்கு வந்தவன் என்னத்துக்குக் காணும் துவக்கும் தோட்டாவுமாய் வந்தவன்?"

அறை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் பீங்கான் கடை வைத்திருந்த ஹமீது நாநா அந்த நேரத்துக்கென்றே தேநீர் குடிக்க வருவார். அவருடைய கடையில் பாதிக்கு மேல் யப்பான் கோப்பைகள். "அவன் நிழலுக்கு நிண்டா நிக்கட்டுமே சேர்" என்றார் நாநா. "எனக்குக் கோப்பை வந்தாப் போதும். இங்கிலீஷ்காரன்ட கோப்பைய இப்ப யாரு வாங்குற?"

ஆசியா முழுவதையும் அருளம்பலத்தார் ஒரே குடும்பமாக வைத்திருந்தார். யப்பான் மூத்த பொடியன், எல்லோருக்கும் முதல் உத்தியோகம் எடுத்தவன். சீனா பெரிய வளவுக்காரன். வளவு பெரிதுதான், ஆனால் வேலி கிடையாது. இந்தியா நன்றாகப் படித்தவன், இன்னும் வெள்ளைக்காரன் வீட்டில் சாப்பாடு. "அப்ப நாங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நாங்கள் கைக்குழந்தை காணும். ஆர் மடியிலை தூக்கி வைச்சாலும் இருப்பம்" என்றார்.

மூத்த பொடியன் மேல் அவருக்கு ஒரு தனிப் பட்சம் இருந்தது. அதை மறைத்து எழுதுவது சரியில்லை. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் யப்பான் ருஷ்யாவைக் கடலில் அடித்த செய்தி அவருடைய ஊரான மானிப்பாய்க்கு வந்ததாம். அவருடைய தகப்பனார் வாசல் படலையில் வாழை கட்டினாராம். "ஒரு கறுவல் வெள்ளையனை அடிச்சிட்டான் எண்டு அப்பு துள்ளினவர். யப்பான்காரன் கறுவலோ எண்டு கேக்கிறதுக்கு அண்டைக்கு ஆருக்கும் நேரமில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அந்த வாழை அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க ஒருவனாவது எங்களுக்குக் கிடைத்தானே என்ற எண்ணம் அவருடைய எழுத்தில் எப்போதும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். எங்கள் வாசகர்களில் பலருக்கும் அதுதான் பிடித்தது.

இதிலே எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. சீனாவில் யப்பான் செய்த வேலைகளைப் பற்றிய தந்திகள் வரத் தொடங்கிய காலம். அவர் அதை "அண்ணன் தம்பிச் சண்டை" என்று கதைத்துக் காட்டினார்.

"அண்ணை, தம்பியின்ரை வீட்டிலை பிள்ளையள் கிடந்து எரியுது. இது என்ன சண்டை?" என்று கேட்டுவிட்டேன்.

"நீர் வெள்ளைக்காரன்ரை தந்தியை அப்பிடியே விழுங்குற ஆள்" என்றார். அன்று பின்னேரம் கோட்டை ஸ்ரேசன் வரை இருவரும் நடந்தோம், வாய் திறக்கவில்லை. வெள்ளவத்தையில் ரயிலால் இறங்கும்போதுதான், "நீர் சொன்னது சரியாயும் இருக்கலாம். நாளைக்குச் சீனாவைப் பற்றிக் கொஞ்சம் பெரிசாய்ப் போடுவம்" என்றார். போட்டார். சண்டைக்குப் பிறகு முதலில் பேசுகிறவர் எப்போதும் அவர்தான்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டிய விஷயம். மேலே எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியது என்று நீங்கள் நினைத்தால், அதுவும் பிழையில்லை.

பரமேஸ்வரி அவருடைய ஒரே பிள்ளை. மலாயாவில் சிரம்பானில் ரயில்வேக் கிளாக்கராக இருந்த இராசரத்தினத்துக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். வெள்ளவத்தையில் பெண்குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்ணை நல்ல நாள் பார்த்துத் திரும்பவும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். நாள் கொஞ்சம் இழுபட்டால் ஊர் வாய் திறந்துவிடும். மருமகனின் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதே மாதங்களில்தான் யப்பான் இந்தோசீனாவின் தெற்குக்கும் இறங்கியிருந்தது. அங்கிருந்து மலாயா எட்டிப்பிடிக்கிற தூரம்.

வெள்ளவத்தையில் மலாயாவோடு சம்பந்தம் இல்லாத யாழ்ப்பாணத்து வீடு எது? ஒரு வீட்டில் மகன், ஒரு வீட்டில் மருமகன், ஒரு வீட்டில் புருஷன். எல்லோரும் பின்னேரத்தில் அருளம்பலத்தார் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணை, யப்பான் வருவானோ? ஆக்களைக் கூப்பிடட்டோ, விடட்டோ?" என்பதுதான் கேள்வி. அவர் பொறுமையாகச் சொல்வார். மூத்தவன் சீனாவின் வளவுக்குள் கால் புதைந்து நிற்கிறான். அவனிடம் எண்ணெய் இல்லை. சிங்கப்பூரில் இங்கிலீஷ்காரன் பெரிய கப்பல்களைக் கொண்டுவந்து கட்டப்போகிறான், பின்னால் அமெரிக்கா நிற்கிறது. "அவன் வெருட்டுவான். கை வைக்கமாட்டான். கை வைச்சால் கை போயிடும் எண்டு அவனுக்குத் தெரியும்." இதையே பக்கத்திலும் எழுதினார். தர்க்கத்தில் ஒரு ஓட்டை கிடையாது. இன்றைக்கு வாசித்தாலும் சரியென்றுதான் தோன்றும்.

வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் படலையடியில் நின்று அவர்கள் கதைத்தது வேறு. "சொல்லுறதைச் சொல்லட்டும். தன்ரை மோளை அனுப்புறாரோ எண்டு பாப்பம்." இது அவருடைய காதிலும் விழுந்தது.

தங்கம்மா அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இருக்கும்போதே ஒரு நாள் வெடித்தார். "உங்கடை யப்பானும் ஆளும்! பிள்ளை பால்குடி. தை பிறக்கட்டும், பிறகு பாப்பம். ஊர் கதைச்சாக் கதைக்கட்டும்."

"தங்கம், நான் பேப்பரிலை ஒண்டை எழுதிப்போட்டு வீட்டிலை வேறை ஒண்டைச் செய்யிறதோ? பிறகு ஆர் என்னை நம்புவினம்?"

"நம்பாட்டிப் போகட்டும்! பேப்பரே பிள்ளை பெத்தது?"

பரமேஸ்வரி அறைவாசலில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். "அப்பு, நீங்கள் போ எண்டு சொன்னால் நான் போறன்" என்றாள்.

"போ பிள்ளை. அங்கை ஒண்டும் நடக்காது."

கார்த்திகையில் கப்பல். மலாயாவுக்குத் திரும்பிப் போன ஒரு தபால்கந்தோர்க்காரரின் குடும்பத்தோடு அவளைச் சேர்த்து அனுப்பினார்கள். நானும் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அருளம்பலத்தார் அன்று நல்ல உற்சாகமாக இருந்தார். பேத்தியைத் தூக்கி, "ராசாத்தி, யப்பான்காரனைக் கண்டால் தாத்தா கேட்டவர் எண்டு சொல்லு" என்று பகிடி விட்டார். கப்பல் போன பிறகு தங்கம்மா அக்கா எங்களோடு கதைக்காமல் விறுவிறென்று நடந்து, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். நாங்கள் சைவக்காரர். ஆனால் கடல் தாண்டிப் போனவர்கள் விஷயத்தில் கொழும்பில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

மார்கழி பிறக்கும் முன்பே யப்பான் மலாயாவில் கால் வைத்துவிட்டது.

அந்தத் தந்தி வந்த காலை அறை முழுக்க அவரைப் பார்த்தது. ஹமீது நாநாவும் கோப்பையோடு நின்றார். அருளம்பலத்தார் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு தந்தியையும் அவர் கதைத்துக் காட்டவில்லை. இங்கிலீஷ்காரனின் அந்தப் பெரிய கப்பல்கள் குண்டு பட்டுக் கடலுக்குள் தாண்டு போன செய்தியை எழுதினார். பிறகு ஊர் ஊராக வந்தது. வடக்கிலிருந்து தெற்காக, ரயில்பாதை போகிற வழியே. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர். அடுத்த ஸ்ரேசன் என்ன என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

சிரம்பான் வந்த நாளில் ஆசிரியர் அவருக்குப் பக்கத்தில் வந்து, "மேலும் சில ஊர்கள் என்று போட்டால் போதும், பேர் வேண்டாம்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"நான் எழுதுறன் அண்ணை, நீங்கள் வீட்டை போங்கோ" என்றேன் நானும்.

"என்ரை பக்கம். நான் எழுதுறன்" என்றார். ஊரின் பேரை எழுதினார். அச்சுப்படி வந்ததும் அதைத் தானே திருத்தினார். அன்று ஸ்ரேசனுக்கு நடக்கும்போது செட்டியார் தெருவில் ஒரு இடத்தில் நின்று, "காணும், எனக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் நிப்பம்" என்றார். அப்படி அவர் சொல்லி நான் முன்பு கேட்டதில்லை.

சிங்கப்பூரும் விழுந்தது. ஹமீது நாநா தன் கோப்பைகளின் அடியிலிருந்த யப்பான் முத்திரையை உப்புத்தாளால் உரசி உரசி அழித்துக்கொண்டிருந்தார். "என்ன நாநா இது?" என்று கேட்டதற்கு, "பொலிஸ் வந்தா என்னத்தச் சொல்ற சேர்? கோப்பைக்கு ஊர் இல்லாம இருக்கிறது நல்லம்" என்றார். சிரிக்கிற விஷயந்தான், எங்கள் அறையில் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளவத்தையில் சிலர் அருளம்பலத்தாரைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கத்துக்குப் போனார்கள். புருஷனைக் கூப்பிடாமல் விட்ட ஒரு பெண் ஸ்ரேசனில் அவரை மறித்து, "அண்ணை, உங்கடை மோளையே நீங்கள் அனுப்பினியள் எண்டுதானே நாங்களும் பேசாமல் இருந்தனாங்கள்" என்றாள். அவர் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அந்தப் பெண் நின்றாள். அவர் போய் ரயிலில் ஏறினார்.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு. காலையில் விமானங்கள் வந்தன. துறைமுகத்துப் பக்கமும் இரத்மலானைப் பக்கமும் வெடிக்கிற சத்தம் கேட்டது. நான் எங்கள் வீட்டு மேசைக்குக் கீழே கிடந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. சத்தம் அடங்கியதும் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒழுங்கை நடுவில் வேட்டியோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம்மா அக்கா படலையில் நின்று கத்துகிறார்: "உள்ளுக்கு வாங்கோ! வாங்கோவன்!"

"காணும்," என்றார் என்னைக் கண்டு, "இவங்கள் எங்கடை ஆக்கள் எண்டு நான் எழுதினனான்."

அடுத்த நாள்களில் வெள்ளவத்தை பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. யாழ்ப்பாண ரயிலில் கால் வைக்க இடமில்லை. தங்கம்மா அக்காவையும் மானிப்பாய்க்கு அனுப்பினார். தான் போகவில்லை. மலாயாவிலிருந்து ஏதாவது வந்தால் கொழும்புக்குத்தானே வரும் என்றார். ஒன்றும் வரவில்லை. அந்த வருடங்களை நான் விரித்து எழுதப்போவதில்லை, எழுதவும் ஒன்றுமில்லை. அவர் வருவார், எழுதுவார், போவார். தானே சமைத்துத் தின்றார், மெலிந்தார். பக்கம் ஒரு நாளும் பிந்தவில்லை. யப்பான் தோற்கத் தொடங்கியபோதும் அவர் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "தோத்துக்கொண்டு போறவன் போற வழியிலை இருக்கிற சனத்துக்கு என்ன செய்வான் எண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் பரமேஸ்வரி வந்தாள். மானிப்பாயிலிருந்து திரும்பியிருந்த தங்கம்மா அக்காவும் நாங்களும் அதே துறைமுகத்தில் நின்றோம். அவளை முதலில் அடையாளம் காணவில்லை. அவ்வளவு கறுத்து, ஒட்டி உலர்ந்துபோயிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. இராசரத்தினத்தை ரயில்வேக்காரன் என்பதால் சீயத்தில் பர்மாவை நோக்கி யப்பான் போட்ட ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பவில்லை. ஏறும்போது கையில் இருந்த குழந்தை இப்போது தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது.

அருளம்பலத்தார் குனிந்து, "ராசாத்தி, என்னைத் தெரியுதோ?" என்று கையை நீட்டினார்.

பிள்ளை தாயின் விரலை விட்டது. கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து, கைகளைத் தொடையோடு சேர்த்து, இடுப்பிலிருந்து வளைந்து அவரை வணங்கியது. நிமிராமல் அப்படியே நின்றது.

"அங்கை காவல் நிக்கிற யப்பான்காரங்களுக்கு அப்பிடிச் செய்யாட்டி அடிப்பாங்கள்" என்றாள் பரமேஸ்வரி. "தெரியாத ஆம்பிளையளைக் கண்டால் செய்யும். விடுங்கோ, நாளடைவிலை மறந்திடும்."

தங்கம்மா அக்கா பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓவென்று அழுதார். அருளம்பலத்தார் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். நான்தான் அவரைத் தோளில் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனேன். எனக்கும் கண் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்களில் பக்கத்தை என்னிடம் தந்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோது வெள்ளவத்தை இளைஞர்கள் ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடை, மாலை, மின்குமிழ். "நாளைய ஆசியாவுக்கு யார் தலைவர்?" என்று தலைப்பு. ஒருவர் இந்தியா என்றார், இன்னொருவர் சீனா என்றார், மூன்றாமவர் இருவரும் சேர்ந்து என்றார். எனக்குக் கொட்டாவி வந்தது. ஊரில் மூத்த பத்திரிகையாளர் என்று அருளம்பலத்தாரை வற்புறுத்தி மேடையில் ஏற்றியிருந்தார்கள். அவர் எழுந்தார்.

"ஆர் பெரியவன் எண்டு நான் ஒருக்காச் சொன்னனான்" என்றார். "என்ரை பிள்ளை அதைக் கேட்டு நடந்தது."

உட்கார்ந்துவிட்டார். கூட்டத்துக்குக் கைதட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. தலைவர் அவசரமாக நன்றியுரைக்குப் போனார்.

வீட்டில் அப்பனும் மகளும் எப்படி இருந்தார்கள் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சண்டை இல்லை. அவள் அவருக்குச் சாப்பாடு போட்டாள், வேட்டி தோய்த்தாள், மருந்து வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் படிப்பிக்கப் போனாள். மலாயாவைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் சில வேளை வாயெடுப்பார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் என்னிடம் மட்டும், "நான் போ எண்டு சொல்லாமல் விட்டிருந்தால்" என்று தொடங்குவார். "விடுங்கோ அண்ணை" என்பேன் நான். அந்த வசனத்தை முடிக்க நான் ஒரு நாளும் விட்டதில்லை.

செத்தவீட்டில், சுடலையிலிருந்து திரும்பிய பிறகு, பந்தலுக்குக் கீழே ஆண்கள் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். வேறு என்ன கதைப்பார்கள்? இந்தியாவும் பாகிஸ்தானும் அடிபடுகிறார்கள், சீனாவிலும் உள்ளுக்குள் அடிபாடு, எங்களுக்கும் தை கழிய சுதந்திரமாம், இனி யாரோடு ஒட்டிக்கொள்வது நல்லது என்று. ஒருவர் என்னிடம் திரும்பி, "இனி நீங்கள்தானே அண்ணை சொல்ல வேணும்" என்றார். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. பின்பக்கம் போனேன். பரமேஸ்வரி கிணற்றடியில் தலை தோய்ந்தபடி தனியே நின்றாள்.

"மாமா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்" என்றாள்.

சொன்னாள். "அண்டைக்கு அப்பு போ எண்டு சொன்னதாலை நான் போகேல்லை. எனக்குப் போக விருப்பம். அவர் அங்கை தனிய இருக்கிறார் எண்டு எனக்கு ஒவ்வொரு நாளும் அதே நினைப்பு. அப்பு வேண்டாம் எண்டு சொல்லியிருந்தாலும் அழுது குழறிப் போயிருப்பன். அம்மாவுக்குப் பயந்து, அப்புவின்ரை வாயாலை வரட்டும் எண்டுதான் அப்பிடிக் கேட்டனான்."

வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

"இதைச் சொன்னால் அப்புவுக்கு ஆறும் எண்டு எனக்குத் தெரியும், மாமா. வந்த நாள் தொடக்கம் தெரியும். அதாலைதான் சொல்லேல்லை. அவருக்கு ஆறக்கூடாது எண்டு நினைச்சிட்டன்."

முகத்தைத் துடைத்தாள். தண்ணீரா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை. மலருக்கு அக்கா எழுதச் சொல்லியிருக்கிறார், இதையும் எழுதலாமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியில்லை. பத்திரிகைக்காரன் புத்தி போகாது.

"எழுதுங்கோ" என்றாள். "வாசிக்க வேண்டியவர் போட்டார்."

எழுதிவிட்டேன். இரவும் பகலும் அவளைக் குறை சொல்ல நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவரையும் முடியவில்லை. இரண்டு பேரையும் எனக்கு நிறையப் பிடிக்கும்.

அவர் விட்டுப்போன பக்கம் இப்போது என் கையில். சென்ற கிழமை கொட்டாஞ்சேனைக் கந்தோருக்கு ஒரு தாய் வந்தார். மகளுக்குச் சிங்கப்பூரில் மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறதாம். அந்தப் பக்கம் இனிச் சண்டை வராதா, நம்பி அனுப்பலாமா என்று கேட்டார். மகளும் பக்கத்தில் நின்றாள். யார் வளர்கிறான், யார் தேய்கிறான் என்பதெல்லாம் என் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. "எனக்குத் தெரியாது அம்மா" என்றேன். இதை அருளம்பலத்தாரிடமிருந்துதான் கற்றேன். அவர் கடைசி வருடங்களில் பெரிய விலை கொடுத்துக் கற்றது அது. பிறகு நான் தாயை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "பிள்ளை, உமக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டேன். அவ்வளவு உலகத்தையும் கதைத்துக் காட்டிய மனிதர் தன் மகளிடம் கேட்காமல் விட்டது இந்த ஒன்றைத்தான். அவருக்காக இனி நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.